அதிகம் ஐந்நூறு

சனிக்கிழமை சம்பளம்.
பொழுதோட பனியன் கம்பெனிகள் விட்டால்
பெருமாநல்லூர் ரோட்டைக் கடந்து
அரை மணியில் அந்தப் பணம்
என் கல்லாவுக்கு வந்துவிடும்.
சாயப்பட்டறை நோட்டு ஓரத்தில் நீலம் பிடித்திருக்கும்.
கட்டிங் டேபிள் நோட்டில் பஞ்சு.
கறிக்கடை சுற்றி வந்ததென்றால்
விரலை முகர்ந்தாலே தெரியும்.

ஒன்பதே முக்காலுக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
நனைத்த ஸ்பான்ஜ், ரப்பர் பேண்டு, கால்குலேட்டர்.
காலையில் கொடுத்த சில்லறை இரண்டாயிரத்தை
முதலில் எடுத்துத் தனியே வைப்பேன்.
அது வீட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி,
இருக்கும், நம்ம கணக்கில் சேராது.

பில்லுப்படி ரொக்கம்
அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.
என் கையில்
அறுபத்தோராயிரத்து எழுநூற்று நாற்பது.
மூன்று தடவை எண்ணினேன்.
பிரபாவதியை ஒரு தடவை எண்ணச் சொன்னேன்.
அவளுக்கும் அதே தொகை.

குறைந்தால் என்ன செய்வதென்று தெரியும்.
குறைந்தால் நான் கட்டுவேன்.
போன மாசம் பதினாலாம் தேதி ஐந்நூறு குறைந்தது;
சம்பளக் கவரில் பிடித்துக்கொண்டு தந்தார்கள்.
கூடினால்?
கூடினால் யார் வீட்டிலோ குறைந்திருக்கிறது.

"வுடு அம்முணி," என்றார் மேனேஜர் சென்னியப்பன்.
"கவர்ல போட்டு வெய்யி. என்னைக்காச்சும் கொறையுமில்ல,
அதுல சரிக்கட்டிக்கலாம்."
அப்படித்தான் எல்லாக் கடையிலும்.
யாரோ தவறவிட்ட காசால்
யாரோ தவறவிட்டதை அடைத்து
நிமிர்ந்து நிற்கும் பேரேடு.

கேமரா போட்டுப் பார்த்தேன்.
மேலிருந்து பார்த்தால் நான் ஒரு வகிடு, இரண்டு கை.
வகிட்டில் நரை. யாரும் சொல்லவில்லை.
எட்டு நாற்பத்தேழு.
பச்சைக் கட்டம் போட்ட அங்கராக்கு.
அரிசி, கடுகெண்ணெய், சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட்.
புது நோட்டு ஒன்று நீட்டுகிறான்.
ஒன்று வாங்குகிறேன்.
பின்னால் ஓட்டி, நிறுத்தி, மறுபடி பின்னால் ஓட்டினேன்:
இரண்டு.
ஈரத்தில் ஒட்டிய அப்பளம் போல.
முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு போக
நூற்றாறு எண்ணித் தருகிறேன்.
அவனும் எண்ணி வாங்குகிறான்,
அந்த ஆறு ரூபாயையும்.

நோட்டைக் குத்தக் கூடாதாம்.
பில் நம்பரை எழுதி ஜெம் கிளிப் போட்டு வைத்தேன்,
ஏழு நாள்.

அடுத்த சனி வந்தான். அதே அங்கராக்கு.
பில் போட்டு, பாக்கி கொடுத்து,
"ஏனுங், சித்த நில்லுங்க" என்றேன்.
அவ்வளவுதான், முகம் செத்துப்போனது.
கல்லாவில் இருப்பவள் நில்லு என்றால்
அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.
ஜோப்பை வெளியே இழுத்துக் காட்டினான்.
பையைக் கவிழ்த்தான்; உருளைக்கிழங்கு உருண்டது.
"பில் இருக்கு, பில் இருக்கு."
நம் பேச்சில் அவன் முதலில் கற்றது
அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
நான் ஐந்நூறை நீட்ட நீட்ட
அவன் பின்னால் நகர்ந்தான்.
"என்து இல்லே, என்து இல்லே."
வரிசையில் நின்ற பதினோரு பேரும்
அவன் கையைப் பார்த்தார்கள்.
கிழங்கைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.
ஒன்று மட்டும் எடை மிஷினுக்கு அடியில் கிடந்தது,
கூட்டும்போதுதான் கிடைத்தது.

இன்று இரவு எண்ணினேன். காசு பிசகாமல் ஒத்தது.
பேரேட்டில் நாலு கட்டம்:
வரவு, செலவு, அதிகம், குறைவு.
உரியவன் பயந்து வாங்கவில்லை என்று எழுத
அதில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
பச்சைக் கட்டம். 8.47. கடுகெண்ணெய்.

"ஒத்துச்சா அம்முணி?"
சாவிக்கொத்தோடு சென்னியப்பன்.
"ஒத்துச்சுங்" என்றேன்.